கான்சர் வாட்டில் முதல் நைட்: புதிதாக வரும் தாதியருக்கு

டியூட்டி லிஸ்டில் தன் பெயருக்கு நேரே முதல் 'நைட்'டைப் பார்த்ததும் புதிதாக வந்த பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், இரவில வேலை குறைவுதானே?"

ரவுண்ட் இல்லை, கிளினிக் இல்லை, ஸ்கேனுக்கு ஆள் அனுப்பும் ஓட்டம் இல்லை, பார்க்க வரும் கூட்டமும் இல்லை. அந்தக் கணக்கில் குறைவுதான். ஆனால் பகலில் ஒரு கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்ப்பார்கள். இரவில் முழு வாட்டுக்கும் இரண்டு பேர், சில நாள் அதுவும் இல்லை. நீங்கள் கவனிக்காமல் விட்டதைக் காலை ஏழு மணி வரை வேறு எவரும் கவனிக்கப் போவதில்லை.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கொழும்புக்கு வந்து 11 வருடம் ஆகிறது, அதில் பெரும்பகுதி புற்றுநோய் நோயாளர்களோடு. இரவில் நடந்த பிழைகளை யோசித்துப் பார்த்தால், என்னுடையதும் சரி, மற்றவர்களுடையதும் சரி, முக்கால்வாசியில் ஒரே வசனம் வருகிறது: "விடியட்டும், பார்ப்போம்." இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த வசனத்துக்காகத்தான். மருந்தின் அளவு, நேரம், யாருக்கு முதலில் சொல்வது என்பதெல்லாம் உங்கள் வாட்டில் எழுதி வைத்திருப்பதுதான் முடிவு. நான் சொல்வதை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

அரசாங்க வைத்தியசாலைகளில் வழக்கமான நைட் என்பது இரவு ஏழு முதல் காலை ஏழு வரை. பன்னிரண்டு மணித்தியாலம். அன்று காலையில் எழுந்து உடுப்புத் தோய்த்து, சமைத்து, கடைக்குப் போய் வந்து, அப்படியே டியூட்டிக்கு வந்தால் விடியற்காலை நான்கு மணிக்கு நீங்கள் விழித்து 22 மணித்தியாலம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில்தான் உங்கள் கையில் மோர்பின் இருக்கும். அதனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டிலிருந்து ஐந்து வரை படுங்கள். நித்திரை வராவிட்டாலும் பரவாயில்லை, விளக்கை அணைத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுப் படுங்கள்.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போட்டிருந்தால் பஸ்ஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு ஹைலெவல் வீதியில் 138 பஸ் எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நுகேகொடையில் நின்றுகொண்டே அரை மணித்தியாலம் போகும். ஒரு பஸ் முன்கூட்டியே ஏறுங்கள்.

பையில் வைக்க: விநாடி முள் உள்ள மணிக்கூடு, சிறிய டோர்ச் லைட், இரண்டு பேனை, சட்டைப் பைக்குள் அடங்கும் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஒரு ஸ்வெட்டர். டோர்ச்சுக்குப் பதிலாக போன் லைட்டைப் பாவிக்காதீர்கள். நித்திரையில் இருப்பவரின் கண்ணில் அது நேராகக் குத்தும். அதோடு போன் கையில் இருந்தால் அதைப் பார்க்கத்தான் தோன்றும்.

பொறுப்பெடுக்கும்போது

ஏழு மணிக்கு அல்ல, ஆறு நாற்பதுக்கு வாட்டில் இருங்கள். பகல் முழுக்க ஓடியவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். அவர் "எல்லாம் நோர்மல், 14 மட்டும் கொஞ்சம் பாருங்க" என்று முடிக்கப் பார்ப்பார். அவரில் பிழை இல்லை, நாளைக்குக் காலையில் நீங்களும் அதைத்தான் செய்யப் பார்ப்பீர்கள். ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் விடாதீர்கள்.

முதலாவது, கீமோ எடுத்தவர்கள் யார், இன்று எத்தனையாவது நாள்? இதைப் போல பிரயோசனமான கேள்வி வேறு இல்லை. பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே இறங்குவது ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். கொப்பியில் கட்டில் நம்பருக்குப் பக்கத்தில் நாளை எழுதிக்கொள்ளுங்கள். "6 – நாள் 10" என்று இருந்தால் அந்த 6ஆம் கட்டில் உங்களுக்கு இன்று இரவு வேறு மாதிரித் தெரியும்.

பிறகு, கடைசி இரத்தப் பரிசோதனையில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபிலும் இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டும் எவ்வளவு? பின்னேரத்திலிருந்து யாருக்காவது காய்ச்சல் வந்ததா, பரசிட்டமோல் கொடுத்தார்களா? ஓடிக்கொண்டிருக்கும் பைகள் என்ன, எப்போது முடியும்? நேரம் தவறக்கூடாத மருந்து இருக்கிறதா? உயர்ந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட் போட்டவருக்கு அதன் நச்சை முறிக்கக் கொடுக்கும் லியூகோவோரின் இரவு ஒரு மணிக்கு என்றால் ஒரு மணிக்குத்தான். நோயாளர் நல்ல நித்திரை, எழுப்பப் பாவமாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடிய மருந்து அல்ல அது.

கடைசியாக, அந்திமக் கட்டத்தில் இருப்பவர் யார், அவர் விஷயத்தில் டொக்டர்மார் என்ன தீர்மானித்து பி.எச்.டி.யில் (நோயாளரின் கட்டில் பதிவேட்டில்) எழுதியிருக்கிறார்கள், வீட்டாரின் சரியான போன் நம்பர் என்ன? நடு இரவில் தேடினால் அந்த நம்பர் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு இலக்கம் குறைவாக இருக்கும். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

முதல் சுற்று

விளக்கு அணையும் முன் ஒவ்வொரு கட்டிலுக்கும் போங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கையைத் தொடுங்கள். சூடா, குளிரா, வியர்த்திருக்கிறதா என்பது கையிலேயே தெரியும். நாளத்தில் மருந்து ஏற்றும் கனுலா போட்ட இடத்தைப் போர்வையை விலக்கிப் பாருங்கள். மூடிய போர்வைக்குள் வீங்கிய கை விடியும் வரை யாருக்கும் தெரியாது.

ஒட்சிசன் சிலிண்டரின் முள், சளி உறிஞ்சும் மெஷின், அவசர ட்ரொலி மூன்றையும் நீங்களே தொட்டுப் பார்த்துவிடுங்கள். பகலில் பார்த்திருப்பார்கள் என்பது பேச்சுக்குச் சரி.

டொய்லட்டுக்குப் போகும் வழியையும் பாருங்கள். ஈரத் தரை, கட்டிலுக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பை, வழுக்கும் செருப்பு. பிளேட்லெட் குறைந்த ஒருவர் இரவில் விழுந்து தலையில் அடிபட்டால் அது சாதாரண விழுகை அல்ல. வயதானவர்கள் "மிஸ்ஸைக் கூப்பிடக் கூச்சம்" என்று தாங்களாகவே எழும்பிப் போவார்கள். அவர்களிடம் முதலிலேயே, "ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி என்றாலும் கூப்பிடுங்க, அதுக்குத்தான் நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது. பத்து மணிக்கு இன்னொரு தடவை.

கீமோ ஓடும் கை

கீமோவைப் பெரும்பாலும் பகலில்தான் தொடங்குவார்கள். ஆனால் நீண்ட நேரம் ஓடும் பைகள் இரவுக்கும் வரும். பையைத் தொடும்போது கையுறை இரண்டு சோடி, மேலங்கி. கீமோ முடிந்து 48 மணித்தியாலம் வரை அந்த நோயாளரின் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து இருக்கும் என்றே நினைத்து வேலை செய்யுங்கள். சிறுநீர்ப் பையைக் காலி செய்யும் சிற்றூழியர் அக்காவுக்கும் கையுறை எடுத்துக் கொடுங்கள். நமக்கு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுக்கும் தாயாக இருந்தாலோ முதல் வேலையாக வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊசி போட்ட இடம் "எரியுது", "கடுக்குது" என்று சொன்னால் பம்பை உடனே நிறுத்துங்கள். டொக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தோலையும் அதற்குக் கீழ் உள்ள சதையையும் அரித்துவிடும். பதற்றத்தில் கனுலாவைப் பிடுங்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்வது. பிடுங்காதீர்கள், சேலைன் தள்ளிக் கழுவவும் வேண்டாம். குழாயைக் கழற்றி, அதே கனுலா வழியாகச் சிரிஞ்சால் வருவதை இழுத்து எடுத்து, வீக்கத்தின் ஓரத்தைப் பேனையால் வரைந்து, கையை உயர்த்தி வைத்துவிட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். டொக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்குச் சூட்டு ஒத்தடம். மாறிவிடக்கூடாது. எனக்கு இன்றைக்கும் சந்தேகம் வரும், அதனால் மருந்து அலுமாரியின் கதவுக்கு உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

"குளிருது பிள்ளை"

நள்ளிரவு தாண்டி ஒரு அம்மா குளிருது என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நல்ல மனமுள்ள எவரும் செய்வதைத்தான்: இன்னொரு போர்வை எடுத்துப் போர்த்திவிடுவீர்கள். அவரும் "கடவுள் உன்னை நல்லா வச்சிருக்கட்டும்" என்பார். உங்களுக்கும் மனது நிறையும்.

போர்வைக்கு முன் தெர்மோமீட்டர். கீமோ எடுத்து பத்தாம் நாளில் இருக்கும் ஒருவர் குளிருது என்றால் அது இந்த வாட்டின் பெரிய அவசரங்களில் ஒன்றின் தொடக்கமாக இருக்கலாம். நியூட்ரோபில் 500க்குக் கீழே இறங்கிய உடம்பில் கிருமியோடு சண்டை போட ஆளில்லை. சீழ் பிடிக்காது, சிவக்காது, தொண்டையில் வெள்ளை தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் சத்தம் போடும். சில மணித்தியாலத்துக்குள் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். விடியற்காலை ஆறு மணிக்கு "நல்லா நித்திரை கொள்றா" என்று நீங்கள் நினைப்பவர் மயக்கத்தில் இருப்பார்.

எண்கள் இவை: ஒரு தடவை 38.3 பாகை செல்சியஸ், அல்லது 38 பாகை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இருப்பது. சார்ட் பரனைட்டில் என்றால் 101, 100.4. அந்த எண் வந்துவிட்டால் முதலாவது அன்டிபயோட்டிக் ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் ஏறியிருக்க வேண்டும். கடிகாரம் நீங்கள் காய்ச்சலைப் பார்த்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது, டொக்டர் வந்த நிமிடத்திலிருந்து அல்ல.

எண் வராவிட்டாலும் ஏமாறாதீர்கள். டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் எடுப்பவருக்குக் காய்ச்சல் மேலே வராமலே கிருமி பரவும். 37.6தான், ஆனால் நடுங்குகிறார், நாடித்துடிப்பு 120, முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்றால் கூப்பிடுங்கள். முகம் ஒரு மாதிரி இருப்பதை சார்ட்டில் எழுத இடமில்லை, ஆனால் அது உண்மையான அறிகுறி.

டொக்டருக்குச் சொல்வதற்கு முன் நீங்களாகப் பரசிட்டமோல் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது, வந்து பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். மலவாசல் வழியாக மருந்து வைப்பது, அங்கே வெப்பநிலை பார்ப்பது, தசை ஊசி எதுவும் இவர்களுக்கு வேண்டாம்.

போனில் எப்படிச் சொல்வது என்பதிலும் விஷயம் இருக்கிறது. "டொக்டர், 6ஆம் பெட்டுக்குக் கொஞ்சம் காய்ச்சல்" என்றால், நாள் முழுக்க நின்று இப்போதுதான் சாய்ந்த, பயிற்சி டொக்டரான எச்.ஓ. "பரசிட்டமோல் குடுங்க, வாறேன்" என்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "6ஆம் பெட், கீமோ பத்தாம் நாள், நேற்றைய நியூட்ரோபில் 300, இப்போ 101.2, நடுக்கம், பிரஷர் 90க்கு 60, நாடி 118. கல்ச்சர் போத்தல் எடுத்து வச்சிட்டேன், நீங்க வரணும்." எழும்பி வருவார். வராவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி. அப்போதும் வராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவர். கோபிப்பார்கள் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. என்னையும் இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள். திட்டிய இரண்டு பேரும் வந்தார்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், என்ன சொன்னார் என்பதை அப்போதே எழுதிவிடுங்கள்.

சொல்லைச் சரியாகக் கேட்பது

கொழும்பின் கான்சர் வாட் என்பது முழு இலங்கையும் படுத்திருக்கும் இடம். பருத்தித்துறை ஆச்சி, மட்டக்களப்பு ஆசிரியர், மன்னார் மீன்பிடிகாரர், பொகவந்தலாவைக் கொழுந்து பறிக்கும் அம்மா, குருநாகல் விவசாயி எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். தமிழ் தெரிந்த தாதி நீங்கள் ஒருவராக இருந்தால் உங்கள் டியூட்டியில் மொழிபெயர்ப்பும் சேர்ந்துவிட்டது, சம்பளம் கூடாது. ஆனால் தமிழ் தெரியும் என்பதாலேயே எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, இப்போது இருக்கும் இடம் அல்ல. கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு ஆச்சி, மார்பகப் புற்றுநோய். இரவு ஒரு மணியிருக்கும். "களைக்குது பிள்ளை" என்றார். எங்கள் பக்கத்தில் களைப்பு என்றால் அசதி. பகல் முழுக்க ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேக்கும் தள்ளுவண்டியில் அலைந்தவர்தானே என்று, "கொஞ்சம் கண்ணை மூடிப் படுங்க ஆச்சி, காலையில சரியாகிடும்" என்று சொல்லித் தலையணையையும் சரிசெய்து, நன்றாக மட்டமாகப் படுக்கவைத்துவிட்டு வந்தேன். மூன்று மணிக்குப் போனால் ஆச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார், உதடு நீலம். ஒட்சிசன் 82. நெஞ்சுக்கூட்டில் நீர் நிறைந்திருந்தது. யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்தில் களைக்குது என்றால் மூச்சு வாங்குகிறது. ஒட்சிசன் வைத்து, நீரை வடித்து, தப்பினார். மூன்று நாள் கழித்து, "நான் சொன்னது உனக்கு விளங்கேல்லை என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

அதிலிருந்து சொற்களைக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். வடக்கில் வாந்தியைச் "சத்தி" என்பார்கள், சிறுநீரைச் "சலம்" என்பார்கள், வலிப்பது "நோகுது". மலையகத்தில் "மூச்சு வாங்குது", "ஒண்ணுக்கு வரல". "முட்டு" என்று ஒருவர் சொன்னால் மூட்டைத் தேடாதீர்கள், அது மூச்சு இழுப்பு.

இன்னொரு சொல் "விறைக்குது". கீமோவால் விரல் நுனிகள் விறைப்பது இந்த வாட்டில் தினமும் கேட்பது, குறித்து வைத்துக் காலையில் சொன்னால் போதும். ஆனால் முதுகு வலியோடு இரண்டு காலும் விறைக்குது, நிற்க முடியவில்லை, சிறுநீர் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் கதை வேறு. கட்டி முள்ளந்தண்டின் நரம்பை நெருக்குகிறதோ என்று பார்க்க வேண்டும். சில மணித்தியாலத் தாமதத்தில் அந்தக் கால்கள் திரும்பி வராமலே போகலாம். சொல் ஒன்றுதான், அடுத்து நீங்கள் கேட்கும் இரண்டு கேள்வியில்தான் வித்தியாசம் தெரியும்: "எந்த இடத்தில? எப்ப இருந்து?"

சிங்களம் சரளமாக வராதவர்கள் முதல் வாரத்திலேயே சில வசனங்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "ரிதெனவாத?" வலிக்கிறதா. "சீதலத?" குளிர்கிறதா. "ஹுஸ்ம கன்ன அமாருத?" மூச்சு விடக் கஷ்டமா. "அமாருய்" என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது வலியிலிருந்து மூச்சுத் திணறல் வரை எதுவாகவும் இருக்கும். அங்கேயும் அதே இரண்டு கேள்விதான்.

வலி

பகலில் பேச்சுக்கு ஆள் உண்டு, ரேடியோ உண்டு, ஜன்னல் உண்டு. இரவில் வலியும் அவரும் மட்டும். அதனால்தான் பகலில் "பரவாயில்லை" என்றவர் இரவில் சுருண்டு கிடப்பார்.

பூச்சியத்திலிருந்து பத்து வரை எத்தனை என்று கேட்கச் சொல்லித் தந்திருப்பார்கள். கேளுங்கள். ஆனால் எங்கள் தோட்டத்து அம்மாமாரிடம் கேட்டால் என்ன கேட்டாலும் "பரவால்ல மிஸ்"தான். வாழ்க்கை முழுக்க அப்படியே பழகியவர்கள். அவர்களிடம், "நித்திரை கொள்ள விடுதா? மறுபக்கம் திரும்பிப் படுக்க ஏலுமா? சோறு இறங்கிச்சா?" என்று கேட்டால் உண்மை வரும்.

வாயால் கொடுக்கும் சாதாரண மோர்பின் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இரவு பத்து மணிக்கு இரட்டை அளவு கொடுத்து, இரண்டு மணி மருந்துக்கு எழுப்பாமல் விடும் முறையும் உண்டு. அது டொக்டர் எழுதினால்தான், நாமாகச் செய்வதல்ல. இடையில் வலி மீறி வந்தால் கொடுக்க என்ன எழுதியிருக்கிறது என்று ஏழு மணிக்கே பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அப்போதே எழுதி வாங்குங்கள். மலச்சிக்கலுக்கான மருந்தும் கூட எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள், மோர்பின் எடுப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.

"மோர்பின் குடுத்தா முடிஞ்சுது என்றுதானே அர்த்தம்?" என்று நோயாளரும் கேட்பார், மகனும் கேட்பார். அவசரமாகத் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். இது வலிக்கான மருந்து, வலி குறைந்தால் அளவைக் குறைக்கவும் முடியும் என்று உட்கார்ந்து சொல்ல இரவில்தான் நேரம் இருக்கிறது.

கொடுத்த பிறகு பார்க்க வேண்டியது மூச்சை மட்டும் அல்ல. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, பேச்சின் நடுவிலேயே மறுபடி தூங்கிவிடுகிறார் என்றால் அது மூச்சு குறைவதற்கு முன்னால் வரும் அடையாளம். மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே, கண்மணி ஊசிமுனை போல என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களில் மோர்பின் தேங்கும், அவர்களில் இரட்டைக் கவனம். அலுமாரியைத் திறக்கும்போது இரண்டு பேர், பதிவுப் புத்தகத்தில் இரண்டு கையெழுத்து, மிச்சத்தை எண்ணுவதும் இரண்டு பேர். நெருங்கிய சிநேகிதி என்பதற்காக எண்ணாமல் கையெழுத்து வைக்காதீர்கள். சிநேகிதத்தைக் காப்பாற்றுவதும் அதுதான்.

மூன்று மணி

மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பின் சூடே குறைந்துவிடும் நேரம். எண்கள் கண் முன்னால் மிதக்கும். மருந்துக் கணக்கை அந்த நேரத்தில் தனியாகச் செய்யாதீர்கள், உட்கார்ந்தும் செய்யாதீர்கள். நின்றுகொண்டு, சத்தமாகச் சொல்லி, மற்றவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பத்து, பதினொரு மணிக்குள் முடியுங்கள். யாராவது இரண்டு மணிக்குக் கொத்து வாங்கிவரலாம் என்பார்கள், மணம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு மூன்றரைக்கு நீங்கள் சார்ட்டின் மேல் விழுவீர்கள். பிஸ்கட், வாழைப்பழம், பிளேன் டீ போதும். கடைசித் தேநீர் இரண்டு மணிக்கு. அதற்குப் பிறகு குடித்தால் காலையில் வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஓய்வு நேரத்தில் கண் மூடுவதென்றால் மற்றவரிடம் சொல்லிவிட்டு இருபது நிமிடம், அலாரத்தோடு. ஒரு மணித்தியாலம் தூங்கி எழுந்தால் தலை கல்லாகிவிடும்.

இரவில் ஒருவர் போய்விட்டால்

நடக்கும். முதல் மாதத்திலேயே நடக்கலாம். டொக்டர் வந்து உறுதிசெய்யும் வரை வீட்டாருக்கு எதுவும் உறுதியாகச் சொல்லாதீர்கள். திரையை இழுத்துவிடுங்கள், குரலைத் தாழ்த்துங்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் நித்திரை போல் கிடப்பார்கள், எல்லாரும் விழித்திருப்பார்கள். கடைசி நேரம் நெருங்குகிறது என்று தெரிந்தால் வீட்டாரை முன்கூட்டியே கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு இரவில் வருவது பக்கத்துத் தெருவிலிருந்து வருவது போலில்லை.

வந்தவர்கள் சிலர் நெற்றியில் திருநீறு பூச வேண்டும் என்பார்கள், சிலர் காதருகே கலிமா சொல்ல வேண்டும் என்பார்கள், சிலர் பிதாவைக் கூப்பிடலாமா என்பார்கள், சிலர் போனில் பௌத்த பிரித் ஓதலை ஒலிக்க விடலாமா என்பார்கள். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் ஐந்து நிமிடம் கொடுக்க முடியாத வாட் எதுவும் இல்லை.

காலையில் எதிர்க் கட்டில் அம்மா, "அந்த அக்கா எங்க மிஸ்?" என்று கேட்பார். வேறு வாட்டுக்கு மாற்றிவிட்டோம் என்று ஒரு தடவை சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இனிமேல் தன்னுடைய ரிப்போர்ட்டைப் பற்றி நான் சொல்வதையும் நம்ப மாட்டார் என்று தெரிந்தது. இப்போது "ராத்திரி போயிட்டாங்க அம்மா, கஷ்டப்படல" என்பேன். கஷ்டப்படாமல் போயிருந்தால் மட்டும்.

உங்களுக்கு வாரக்கணக்கில் நித்திரையிலும் அந்த முகம் வந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், வாயைத் திறந்து சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அது நோயாளருக்கு மட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

காலையும் வீடும்

ஐந்து மணிக்கு இரத்தம் எடுப்பது, ஆறு மணி மருந்து, சிறுநீர்க் கணக்கு, சார்ட். ஒப்படைக்கும்போது "எல்லாம் நோர்மல்" என்று வாயில் வரும். கொப்பியைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகும் 138இல் கோட்டைக்கு வேலைக்குப் போகும் கூட்டம் நிறைந்திருக்கும். இடம் கிடைத்து உட்கார்ந்தால் நித்திரை கட்டாயம். இறங்கும் இடத்தைக் கொண்டக்டரிடம் சொல்லிவைத்து, பையை மடியில் இறுக்கிப் பிடியுங்கள். நான் வெள்ளவத்தைக்குப் போக ஏறி புறக்கோட்டையில் கண் விழித்தவள். ஸ்கூட்டி வைத்திருப்பவர்கள் நைட் முடிந்த காலையில் அதைத் தொடாதீர்கள்.

போர்டிங்கில் பகல் நித்திரை என்பது தனிக் கலை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மின்விசிறியை ஓட விடுங்கள், அதன் இரைச்சல் மற்றச் சத்தத்தை மூடும். மீன்காரர் ஒன்பதுக்கு, பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோவின் இசை பத்துக்கு, இரண்டையும் யாராலும் நிறுத்த முடியாது, காதுக்குப் பஞ்சு வைக்கலாம். வீட்டு உரிமையாளர் அன்ரியிடம் டியூட்டி லிஸ்டின் படம் ஒன்றைக் கொடுத்துவையுங்கள். பகலில் படுத்துக்கிடக்கும் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் கதை கிளம்பாமல் அவரே பார்த்துக்கொள்வார்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2007இல் இரவு முறை வேலையையே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் 2ஏ வகையில் சேர்த்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதே இடத்தில்தான் வைத்தது. கான்சர் வாட்டில் நைட் செய்துகொண்டு இதை வாசிப்பது ஒரு வேடிக்கைதான். பயந்து ஓட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை உங்கள் மார்பை நீங்களே பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவின் வெல் வுமன் கிளினிக்குக்கு ஒரு ஓய்வு நாளில் போய்வாருங்கள், இலவசம். நோயாளருக்குச் சொல்வதை நாங்கள் செய்வதே இல்லை.

தொடர்ச்சியான நைட்டுகளில் கடைசியானது முடிந்த அன்று மட்டும் பின்னேரம் வரை தூங்காதீர்கள். பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழும்புங்கள். தலை சுற்றும், யாரோடு பேசினாலும் கோபம் வரும், அன்றைக்கு முக்கியமான எதையும் முடிவெடுக்க வேண்டாம். இரவு பத்துக்கு ஊரோடு சேர்ந்து படுத்தால், அடுத்த நாள் காலை ஏழு மணி டியூட்டிக்கு எழும்ப முடியும்.